பழைய கோட்டையில் ஒரு பெருமாட்டி

டில்லி மாநகரிலே புராணா கிலா எனும் பழைய கோட்டை ஒன்று இருக்கின்றது. ஹுமாயூன் பாதுஷாவும் ஷேர்ஷாவும் எழுப்பிய அதன் மதில்களை இன்று உல்லாசப் பிரயாணிகள் வியந்து பார்த்துச் செல்கின்றனர். 1947 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களிலோ அம்மதில்களுக்குள்ளே வியந்து பார்ப்பதற்கு ஏதும் இருக்கவில்லை. பாகிஸ்தானுக்குச் செல்லும் புகைவண்டியை எதிர்பார்த்துப் பல்லாயிரம் முஸ்லிம்கள் கூடாரங்களிலும் வெட்டவெளியிலும் கிடந்தனர். முதலில் மழை, அதன் பின்னர் வடநாட்டுக் குளிர், இடையறாத நோய். பிறப்பும் இறப்பும் ஒரே கூடாரத்தின் இரு மூலைகளில் நிகழ்ந்தன. அக்கூட்டத்தினூடே, கணவனைக் கொலைஞரிடம் பறிகொடுத்து நெடுநாள் ஆகாத ஒரு பெண்மணி, போர்வை இல்லாதார் யார், பால் இல்லாத குழந்தை எது என்று விசாரித்துத் திரிந்தார். அவர் பெயர் அனீஸ் கித்வாய்.

வட இந்தியப் பெருமாட்டி ஒருவரின் சரித்திரத்தை நிந்தவூரில் இருந்துகொண்டு எழுதவேண்டிய தேவை யாது என வாசகர் வினவக்கூடும். நான் சரித்திர பாடம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியன். தேசப் பிரிவினை பற்றி ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொன்னவன். எல்லைக்கோடு, உடன்படிக்கை, தலைவர் பெயர் ஆகியவற்றைத் தவறாது சொன்னேன். அந்த அம்மையாரின் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை, அறிந்திருக்கவும் இல்லை. ஆழிப்பேரலை நமது கரையை வாரிச்சென்ற பின்னர், அகதி முகாமாகிய ஒரு பாடசாலையில் நான் செய்த பிழையொன்றின் பொருளை விளங்கிக்கொள்ள முயன்றபோதுதான் அவர் எனக்கு அறிமுகமானார். அப்பிழையைப் பின்னர் சொல்வேன்.

அனீஸ் 1906 ஆம் ஆண்டு, லக்னோவை அடுத்த பராபங்கிப் பகுதியில், அயோத்திநாட்டுக் கித்வாய் குலத்திலே பிறந்தார். தந்தையார் விலாயத் அலி வழக்கறிஞர். மௌலானா முகம்மது அலியின் காம்ரேட் பத்திரிகையில் பம்பூக் என்ற புனைபெயரில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதிப் புகழ்பெற்றவர். தந்தையின் எழுத்துக்கலையே மகளுக்குக் கிடைத்த முதுசொம் எனலாம். பர்தாவினுள் வளர்ந்த தலைமுறை அது. உரிய வயதில் ஷபீ அஹ்மத் கித்வாயை மணந்தார். ஷபீ அஹ்மத், காங்கிரஸ் இயக்கத்தில் பெயர்பெற்ற ரபீ அஹ்மத் கித்வாயின் தம்பி. அவ்வீட்டில் அரசியல் என்பது திண்ணைப் பேச்சன்று. சிறை செல்வோரை வழியனுப்புவதும், திரும்பி வருவோரை வரவேற்பதும் அங்கே குடும்பக் காரியங்களாயின.

சுதந்திரம் வந்தது. ரபீ அஹ்மத் நேருவின் மந்திரிசபையில் தபால் தந்தித் தொடர்புகளுக்குப் பொறுப்பேற்றார். ஷபீ அஹ்மத் மலைநகராகிய மசூரியில் நகரசபை நிருவாகியாகக் கடமையாற்றினார். கலகம் மலைமேலும் ஏறியது. முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேறினர். அவர் வெளியேறவில்லை. பொறுப்பேற்ற உத்தியோகத்தன் ஆபத்துக் காலத்தில் ஊரைக் கைவிடலாகாது என்பது அவர் கொள்கை. 1947 ஒக்டோபரில் அவர் கொலையுண்டார். மந்திரியின் தம்பிக்கே அக்கதி எனின், ஏனையோர் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

நமதூரில் கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள். வீடு அவளைச் சூழ்ந்து நிற்கும். உம்மாவும் ராத்தாமாரும் மாமிமாரும் முறைவைத்துப் பக்கத்தில் இருப்பர். அவ்வழக்கத்தினுள்ளே துக்கத்துக்கு ஓர் இடமும் ஒரு காலமும் வகுக்கப்பட்டிருக்கின்றன என்பதை வயது முதிர முதிர நான் மதிக்கக் கற்றேன். அனீஸ் அம்மையாருக்கு அந்த அமைதி வாய்க்கவில்லை. மார்க்கச் சட்டத்தின் நுட்பம் பேச நான் ஆலிம் அல்லேன், நடந்ததைச் சொல்கின்றேன். அவர் டில்லிக்குச் சென்று காந்தியடிகளைக் கண்டார். அடிகள் அப்போது பிர்லா மாளிகையில் தங்கிக் கலகத்தீயை அணைக்கும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார். துயரத்தோடு வந்த அந்தப் பெண்மணியை அவர் அகதி முகாமுக்கு அனுப்பினார். புராணா கிலாவிலும் ஹுமாயூன் சமாதியிலும் முஸ்லிம் அகதிகள் நிறைந்திருந்தனர். அங்கே சென்று பணி செய்யுமாறு பணித்தார்.

இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். துயருற்றவரை உடனே வேலைக்கு அனுப்புதல் நல்ல வைத்தியமா? எல்லோர்க்கும் ஆகாது என்றே நினைக்கின்றேன். அம்மையாருக்கு அது ஊன்றுகோலாயிற்று. ஆயினும் அவ்வேலை அவர் துயரைத் துடைத்துவிட்டது என்று எண்ணுவது தவறாகும். அவர் பின்னாளில் எழுதிய நூல், கணவரின் மறைவிலிருந்தே நகர்கின்றது. காயம் ஆறிய பின் கைகொடுக்க வந்தவர் அல்லர் அவர், காயத்தோடு வந்தவர். அதனாற்போலும், பிறர் காணாதவற்றை அவர் கண்கள் கண்டன.

1948 ஜனவரியில் காந்தியடிகள் உண்ணாநோன்பு பூண்டார். டில்லி முஸ்லிம்கள் அச்சமின்றி நடமாட வேண்டும், மெஹ்ரோலியில் உள்ள குத்புத்தீன் பக்தியார் காக்கி வலியுல்லாஹ்வின் தர்காவில் வழக்கம்போல் உரூஸ் நடைபெற வேண்டும் என்பன அவர் விதித்த நிபந்தனைகளுட் சில. நிபந்தனைகள் ஏற்கப்பட்டன. ஜனவரி 27 இல் அவர் அந்த உரூஸுக்கே சென்றார். மூன்றாம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார். கணவரை இழந்த நாலு மாதத்துள் தமக்கு வழிகாட்டியவரையும் இழந்தார் அனீஸ். பணியை விடவில்லை. சுபத்ரா ஜோஷியோடு சேர்ந்து சாந்தி தளத்தின் சார்பில் டில்லியைச் சூழ்ந்த கிராமங்களுக்குச் சென்றார். மிருதுளா சாராபாய் தலைமைதாங்கிய மற்றொரு பெருங் காரியத்திலும் இறங்கினார். அதுவே கடத்தப்பட்ட பெண்களை மீட்கும் பணி.

பிரிவினைக் கலகத்தில் கடத்தப்பட்ட பெண்கள் எத்தனை பேர் என்பதை எவரும் ஒழுங்காக எண்ணியதில்லை. இந்தியப் பக்கத்தில் 50,000 முஸ்லிம் பெண்களும் பாகிஸ்தான் பக்கத்தில் 33,000 இந்து, சீக்கியப் பெண்களும் என்பது அரசாங்க மதிப்பீடு. இரு அரசுகளும் 1947 டிசெம்பரில் உடன்படிக்கை செய்தன. 1949 இல் இந்தியப் பாராளுமன்றம் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 1957 வரையில் அது நடைமுறையில் இருந்தது. இரு நாடுகளிலுமாக ஏறத்தாழ 30,000 பேர் மீட்கப்பட்டனர்.

எண்களைச் சொல்வது எளிது. அம்மையார் எண்களோடு நிற்கவில்லை. பெண்கள் கைமாறிக் கைமாறிச் சென்றதை அவர் எழுதினார். காவல்செய்ய வேண்டிய பொலிஸாரும் படையினரும் அக்கொள்ளையில் பங்குகொண்டதை எழுதினார். தம் சமூகத்தவரின் குற்றத்தையும் பிற சமூகத்தவரின் குற்றத்தையும் ஒரே தராசில் நிறுத்தார். இவற்றுக்கெல்லாம் மேலாக, அக்காலத்தில் எவரும் எதிர்பாராத ஓர் உண்மையை மறையாது சொன்னார்: மீட்கச் சென்றபோது வர மறுத்த பெண்கள் பலர்.

மறுத்ததற்குக் காரணம் என்ன? கடத்தியவனிடம் மயங்கினர் என்றனர் சிலர். மானமற்றோர் என்றனர் வேறு சிலர். அம்மையார் அவ்வாறு தீர்ப்புக் கூறவில்லை. அப்பெண்கள் தந்தையும் கணவனும் தம்மைக் காக்க முடியாது ஓடியதைக் கண்ணாற் கண்டவர்கள். பல கைகளில் அல்லற்பட்டபின் ஒருவன் கூரையும் சோறும் பெயரும் கொடுத்தான். அவன் செய்ததும் கொடுமையே. ஆயினும் முன்னைய கொடுமைகளின் முன் அது நிழலாகத் தோன்றிற்று. திரும்பிச் சென்றால் வீடு ஏற்குமா என்ற அச்சம் ஒருபுறம். வந்து நிற்கும் மீட்பர்தாம் யார், மற்றொரு விற்பனையோ என்ற ஐயம் மறுபுறம். பெண்களைக் குடும்பங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று காந்தியடிகளும் நேருவும் பகிரங்கமாக வேண்டினர். அவ்வேண்டுகோள் தேவைப்பட்டதே நிலைமையைக் காட்டும்.

அம்மையாரின் நூலை வாசித்தபோது, முகாமில் கண்ட முகங்கள் என்முன் வந்து நின்றன. அவர் நூலில் வைத்தியப் பெயர் ஒன்றும் இல்லை. அக்காலத்தில் அதற்குப் பெயரே இல்லை. அல்லது, பெயர் ஆண்களுக்கு மட்டும் இருந்தது. முதலாம் உலக யுத்தத்தில், 1915 இல், சார்ல்ஸ் மையர்ஸ் எனும் ஆங்கில வைத்தியர் எறிகணை அதிர்ச்சி என்ற பெயரை வைத்தியப் பத்திரிகையில் வழங்கினார். போர்க்களத்திலிருந்து மீண்ட சிப்பாய் நடுங்கினால், ஊமையானால், இரவில் அலறினால், அதற்குக் காரணம் உண்டென்று உலகம் அரைமனத்தோடாயினும் ஒப்புக்கொண்டது. அதே குறிகளோடு ஒரு பெண் வந்தால் அவளுக்குச் சூட்டப்பட்டது ஹிஸ்டீரியா என்ற பழைய பட்டம். நமது பக்கத்திலோ ஜின் பிடித்தது என்போம். அல்லது கள்ளம் பண்ணுகிறாள் என்போம்.

1974 இல் அமெரிக்காவிலே, போஸ்டன் நகர ஆஸ்பத்திரியில், ஆன் பர்ஜஸ் எனும் தாதியியல் அறிஞரும் லிண்டா ஹோம்ஸ்ட்ராம் எனும் சமூகவியலாளரும், வன்கொடுமைக்குள்ளாகி வந்த பெண்களின் குறிகளை ஒழுங்குபடுத்தி வெளியிட்டனர். சிப்பாய்களின் குறிகளுக்கும் இவற்றுக்கும் உள்ள ஒற்றுமை வெளிப்பட்டது. 1980 இல் அமெரிக்க உளவைத்தியர் சங்கம், அதிர்ச்சிக்குப் பிற்பட்ட இந்நோயைத் தன் நோய்ப்பட்டியலிற் சேர்த்தது. யாழ்ப்பாணத்து உளவைத்தியர்கள் இத்துறைக்கு மனவடு என்றொரு சொல்லை வழங்கலாயினர். நல்ல சொல். காயம் மூடினாலும் வடு இருக்கும். தொட்டால் வலிக்கவும் செய்யும். அனீஸ் அம்மையார் 1949 அளவில் எழுதி வைத்திருந்த நூல், ஆஸாதி கீ சாவோன் மேன் என்ற பெயருடன் உருதுவில் அச்சேறியதும் அதே 1974 இலேதான். ஒருவரையொருவர் அறியாத பெண்கள், உலகின் இரு கோடிகளில், ஏறக்குறைய ஒரே செய்தியை ஒரே ஆண்டில் வெளியிட்டனர்.

இனி என் பிழையைச் சொல்கின்றேன்.

2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா நாளுங்கூட. பாடசாலை இல்லை, பிள்ளைகள் வீட்டிலும் கடற்கரையிலும் நின்றனர். இலங்கையில் அன்று மிகுதியான உயிர்களைப் பலிகொடுத்தது நமது அம்பாறை மாவட்டம். மருதமுனை முதல் நிந்தவூர் வரையும் அதற்கு அப்பாலும் ஜனாஸாக்களை ஒன்றன்பின் ஒன்றாக அடக்கினோம். முகாமிலே ஒரு பெண் இருந்தாள். இரண்டு பிள்ளைகளையும் கடல் கொண்டுபோயிற்று. உம்மா சீதனமாகக் கொடுத்த வீடு அத்திவாரத்தோடு போயிற்று. நமது கரையில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் அவ்வீட்டுக்கு வருவான். ஆகவே வீடு போன பெண்ணுக்குப் போனது சுவர் மட்டுமன்று. குடும்பத்தில் அவளுக்குரிய நிலையும் போயிற்று. பின்னர் கட்டிக்கொடுத்த வீடுகள் பலவற்றின் பத்திரங்கள் கணவன்மார் பெயரில் எழுதப்பட்டதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

அவள் சொல்வன்மை உள்ளவள். நிவாரணக் குழுவொன்று வெளிநாட்டிலிருந்து வந்தது. நடந்ததைச் சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும் என்றனர். நான் அவளை அழைத்தேன். அவள் சொன்னாள்; நான் ஆங்கிலத்தில் பெயர்த்தேன்; வந்தோர் கண்ணீர் விட்டனர். அடுத்த வாரம் இன்னொரு குழு. மீண்டும் அவளை அழைத்தேன். சொல்லி அழுதால் நெஞ்சுப்பாரம் குறையும் என்பது என் எண்ணம். முகாமுக்கு உதவி வரும் என்பதும் எண்ணந்தான், மறைப்பானேன்? மூன்றாம் முறை நடுவிலே அவள் வாய் அடைத்துப்போயிற்று. கண்கள் திறந்திருந்தன, எங்களைக் காணவில்லை. கை மட்டும் காற்றில் எதையோ பற்றுவதுபோல் அசைந்தது. அன்றுமுதல் அவள் ஆளே மாறினாள். தென்னோலை சலசலத்தால் எழுந்து ஓடுவாள். தலையில் நீர் வார்க்க மாட்டாள். கேத்தலில் நீர் கொதிக்கும் இரைச்சல் கேட்டால் அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடுவாள். இரவில் உறக்கமில்லை. தன்னோடு பிழைத்த தங்கையின் பிள்ளையைத் தூக்க மறுத்தாள். அதைக் கண்டு சிலர் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றனர்.

தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். இஸ்ம் எழுதிக் கட்டினார்கள். அதனால் அவளுக்கு ஒருவகை ஆறுதல் கிடைத்தது என்பதை நான் மறுக்கமாட்டேன். தன்னை யாரோ கவனிக்கின்றார்கள் என்ற ஆறுதல். பின்னர் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றார்கள். நெஞ்சுப் படபடப்பு, தலையிடி, உடல் உளைவு என்றே அவள் சொன்னாள். கடலைப்பற்றி எவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நித்திரைக் குளிசை கொடுத்தனுப்பினார்கள். மாதக்கணக்காக அதையே விழுங்கினாள்.

பெண்களிடத்து இந்நோயை இனங்காணுதல் ஏன் கடினம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியாது. நினைவு வலியவந்து தாக்குதல், அதை நினைப்பூட்டும் யாவற்றையும் விலக்கி நடத்தல், மனம் மரத்துத் தன்னையே பழித்தல், எந்நேரமும் வெருண்டிருத்தல் ஆகிய நால்வகைக் குறிகளும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் குலைப்பதையே வைத்தியர்கள் இந்நோய் என்பர். நம் பெண்கள் இவற்றை இவ்வண்ணம் சொல்வதில்லை. உடம்பின்மேல் வைத்துச் சொல்வார்கள். விலகி நடப்பதை அடக்கம் என்றும், மரத்துப்போவதைப் பொறுமை என்றும் நாமே பாராட்டி விடுகின்றோம். 1995 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாவோர் 100 ஆண்களில் 5 பேர். 100 பெண்களில் 10 பேர். பாலியல் வன்முறைக்கு உட்பட்ட பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேரை இது பற்றிக்கொண்டது. பெண் மனம் மெலிந்தது என்பதற்கு இது சான்றன்று. பெண்ணுக்கு நேரும் கொடுமையின் இயல்பு வேறு. அதை வெளியிற் சொல்லமுடியாத நிலைமையும் வேறு.

சில ஆண்டுகள் கழித்து உளநலப் பயிற்சி பெற்ற ஒரு பெண் ஊழியர் அவளைத் தேடி வந்தார். வந்தவர் முதல் சில நாட்கள் அலையைப் பற்றிப் பேசவே இல்லை. உறக்கம், உணவு, வீட்டில் யார் என்ன சொல்கின்றார்கள் என்பனவற்றையே கேட்டார். மூச்சை மெதுவாக விடப் பழக்கினார். உனக்கு நேர்ந்திருப்பது பைத்தியமன்று, பலர்க்கும் நேர்வது என்று விளக்கினார். அதன்பின்னரே, கதவடைத்த அறையில், அவள் விரும்பிய அளவில், பிறந்த நாள் முதலாகத் தன் வாழ்க்கையைச் சொல்லச் செய்தார். அலை வந்த நாளும் அவ்வரிசையில் ஓரிடத்தில் வந்தது. அதற்கு முன்னும் வாழ்க்கை இருந்தது, பின்னும் இருந்தது. ஒருநாள் விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடர்ந்தார்கள். வைத்தியர் நித்திரைக் குளிசையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வேறு மருந்தைத் தொடங்கினார். செர்ட்ராலின், பரோக்ஸெட்டின் முதலியன இந்நோய்க்கு ஏற்றவை என ஒப்புக்கொள்ளப்பட்டவை. நித்திரைக் குளிசையோ அதிர்ச்சியின் வேரைத் தொடுவதில்லை, பழகிவிட்டால் விடுவதும் அரிது.

நானும் அவளைக் கதை சொல்ல வைத்தவன்தான். அந்த ஊழியரும் அதையே செய்தார். வேற்றுமை எங்கே இருந்தது? நான் கேட்பவர் தேவைக்காகச் சொல்ல வைத்தேன். நிறுத்தும் உரிமை அவளிடம் இருக்கவில்லை. ஆசிரியர் அழைத்தால் எழுந்து நின்று சொல்லப் பழகிய சமூகம் நமது. அதிர்ச்சிக்குள்ளானவரை உடனடியாக வற்புறுத்திப் பேசவைத்தல் பயனற்றது, சிலருக்குத் தீங்கும் ஆகும் என்பது ஆய்வாளர் கண்ட முடிபு என்பதை நான் அப்போது அறியேன்.

இந்நிலையிலேதான் கொழும்பிலிருந்து வந்த என் மருமகன் அனீஸ் அம்மையாரின் நூலை எனக்குக் கொண்டுவந்து தந்தான். அம்மையாரின் பேத்தியும் மொழியியற் பேராசிரியையுமான ஆயிஷா கித்வாய் 2011 இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு அது. ஒரு நாவலைப்போல் அதை வாசிக்க முடியவில்லை. பத்துப் பக்கம் வாசித்தால் மூடி வைக்க வேண்டியிருந்தது.

அந்நூலிலே என்னை நிறுத்திய இடம் மீட்புப் பணியைப் பற்றியது. 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1947 மார்ச் 1 ஆம் திகதிக்குப் பின்னர் குடும்பத்தைப் பிரிந்து மாற்றார் வீட்டில் வாழ்ந்த முஸ்லிம் பெண் எவளும் கடத்தப்பட்டவள் ஆவாள். பொலிஸார் பிடியாணையின்றி வீடு புகுந்து அவளைக் கொண்டுசெல்லலாம். முடிவு செய்வது நியாயசபை. அவள் விருப்பத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. ஒருமுறை பலவந்தமாகக் கொண்டுசெல்லப்பட்டவள், இரண்டாம் முறையும் பலவந்தமாகக் கொண்டுசெல்லப்பட்டாள். இம்முறை நன்மை செய்வோரின் கையால். இந்தியாவில் பெற்ற குழந்தையை அங்கேயே விட்டுச்செல்ல வேண்டிய நிலையும் பல தாய்மாருக்கு நேர்ந்தது.

அனீஸ் அம்மையார் மீட்புப் பணியை வெறுத்தார் என்று நான் எழுதினால் அது பொய்யாகும். அவர் அதை நம்பினார், அதற்காக அலைந்தார். ஆயினும் மறுத்தவளின் அழுகையையும் எழுதி வைத்தார். தம் பணியின் நியாயத்துக்கு இடைஞ்சலாக இருந்த சாட்சிகளை அவர் நூலிலிருந்து நீக்கிவிடவில்லை. பொதுவாழ்வில் இருந்தோர் எழுதிய சரிதங்கள் பலவற்றை நான் வாசித்திருக்கின்றேன். இவ்வகை நேர்மை அரிதிலும் அரிது. பிற்காலத்தில் பிரிவினைப் பெண்களின் வரலாற்றை ஆராய்ந்தோர் அந்நூலை மீண்டும் மீண்டும் நாடியதற்கு அதுவே காரணமாகும்.

1956 இல் அவர் இந்திய மாநிலங்களவை உறுப்பினரானார். இரண்டு தவணை அப்பதவியில் இருந்தார். மைத்துனர் ரபீ அஹ்மத் அதற்கு ஈராண்டு முன்னரே காலமாகிவிட்டார். அம்மையார் வேறு நூல்களும் எழுதினார். பதவியைப் பற்றி மேலும் எழுத எனக்கு ஆர்வமில்லை. அவரைப் பெருமாட்டியாக்கியது அதுவன்று. எழுதி முடித்த கையெழுத்துப் படி ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு அச்சேறாமற் கிடந்ததே, அதைத்தான் நான் நெடுநேரம் யோசித்தேன். காயம் பச்சையாக இருந்த காலத்தில் எழுதியவர், ஆறிய காலத்தில் அதை உலகத்துக்குக் கொடுத்தார். கொடுக்கும் காலத்தை அவரே தெரிந்தெடுத்தார். என்போன்ற எவரும் அவரை மேடைக்கு அழைத்துச் சொல்ல வைக்கவில்லை. 1982 ஆம் ஆண்டு அவர் காலமானார்.

நமது கரை ஆழிப்பேரலையை மட்டும் கண்டதன்று. 1990 ஆம் ஆண்டின் ஆவணி மாதத்தைக் காத்தான்குடியும் ஏறாவூரும் மறக்கவில்லை; வீரமுனையும் மறக்கவில்லை. பள்ளிவாசலில் புருஷனை இழந்தவளும், கோயிலில் அடைக்கலம் புகுந்து மகனை இழந்தவளும் இன்றும் வயல்வேலைக்கும் சந்தைக்கும் போய் வருகின்றனர். அவர்களுட் பலர் வைத்தியரிடம் தலையிடிக்கு மருந்து கேட்பார்கள். அம்மையாரைப் போல இரு சமூகத்துப் பெண்களின் கதையையும் ஒரே ஏட்டில் எழுதக்கூடியவர் நம்மிடையே தோன்ற வேண்டும் என்ற ஆசை எனக்குண்டு. எழுதுவதற்கு எனக்குத் தகுதியில்லை. காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

நூலை வாசித்து முடித்த சில மாதங்களின் பின், அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். கடலிலிருந்து தள்ளி, வயற்பக்கமாகக் கட்டிய வீடு. அவள் தேறியிருந்தாள், முற்றாக அன்று. தலையில் நீர் வார்க்கப் பழகிவிட்டாள். கடற்கரைக்கு மட்டும் போவதில்லை. மருதமுனை நெசவுச் சேலைகளை வாங்கி அயலில் விற்று வந்தாள். முகாமில் அவளைக் குழுக்களின் முன் பேசவைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். மாஸ்டர் அதை இன்னுமா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதுபோற் பார்த்துவிட்டுத் தேநீர் ஊற்றினாள். அனீஸ் அம்மையாரின் கதையைத் தமிழிற் சுருக்கிச் சொன்னேன். கணவர் கொலையுண்டதையும், கோட்டை முகாமையும், வர மறுத்த பெண்களையும் பற்றிச் சொன்னபோது குறுக்கிடாமற் கேட்டிருந்தாள்.

சொல்லி முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள். அந்தத் தாய்மார் விட்டுச்சென்ற பிள்ளைகள் பின்னர் என்னவானார்கள்? எனக்கு விடை தெரியவில்லை. சிலரை ஆசிரமங்களில் வளர்த்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவள் சற்று நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கேத்தல் இரையத் தொடங்கியது. எழுந்து போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, சேலை மூட்டையை அவிழ்த்து, என் மகளுக்கு எந்த நிறம் பொருந்தும் என்று கேட்கலானாள்.